சிறிய காரும் டர்போவும்

பெட்ரோலை எரித்து ஓடும் எந்த யந்திரத்தை எடுத்துக்கொண்டாலும், நாம் காசு கொடுத்து ஊற்றிய எரிபொருளின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் புகைக்குழாய் வழியாக ஆகாயத்தில் கலந்துவிடுகிறது என்பது மோட்டார் விஞ்ஞானத்தின் பாலபாடங்களில் ஒன்று. அந்த நஷ்டத்தைப் பொருட்படுத்தாமல் மேலும் மேலும் பெரிய யந்திரங்களைச் செய்துகொண்டவர்கள் வசதி படைத்தவர்கள். நஷ்டத்தில் ஒரு பகுதியையாவது மீட்டு மறுபடியும் வேலை வாங்க முடியுமா என்று பார்த்தவர்கள் பெரும்பாலும் பெரிய யந்திரத்துக்கு வகையில்லாதவர்கள். டர்போ என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருக்கும் சாதனத்தின் சரித்திரம், இந்த இரண்டாம் வகையினரின் சரித்திரமே என்பது என் அபிப்பிராயம். அதிலும், விலை மலிவான சிறு ஹேட்ச்பேக் காரை வைத்துக்கொண்டு, கையிலிருந்த சொற்பப் பணத்தில் அதன் டர்போவைக் கழற்றிச் சற்றுப் பெரியதை மாட்டிய பட்டறைக்காரர்களின் தொழில், பெரிய கம்பெனிகளின் புகழுக்கு அடியில் மறைந்துபோக விடத்தக்கதன்று.

மூல யோசனை ஸ்விட்ஸர்லாந்துக்காரருடையது. விண்டர்தூர் நகரில் 1879-இல் பிறந்த ஆல்ஃபிரட் பூஹி என்னும் பொறியியலாளர், 1905-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளும். காற்று அதிகமாக, அதற்கேற்ப எரிபொருளும் அதிகமாக எரிந்து, யந்திரத்தின் உருவம் வளராமலே அதன் சக்தி வளரும். காகிதத்தில் இவ்வளவு சுலபமாக எழுதிவிடக்கூடிய இந்தக் காரியம், செந்நிறமாகக் காய்ந்த வாயுவைத் தாங்கிக்கொண்டு ஓயாமல் சுழலவல்ல உலோகம் கிடைக்காத காரணத்தால் இருபது வருஷம் காத்திருந்தது. 1920-களின் நடுவில் ‘பிராய்ஸன்’, ‘ஹான்ஸஸ்டாட் டான்ஸிக்’ என்ற இரு ஜெர்மன் கப்பல்களின் பத்து சிலிண்டர் டீசல் யந்திரங்களில் பூஹியின் முறை பிரயோகிக்கப்பட்டு, 1,750 குதிரைச் சக்தி 2,500-ஆக உயர்ந்தது. இதற்கிடையில் அமெரிக்காவில் ஸான்ஃபோர்டு மாஸ் என்பவர், 1918-இல் விமான யந்திரம் ஒன்றை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் மேல் ஏற்றி வைத்து, காற்று மெலிந்த அந்த உயரத்திலும் டர்போவின் உதவியால் தரைமட்டத்துச் சக்தி குறையாமல் கிடைப்பதை நிரூபித்தார். கப்பலும் விமானமும் அப்படியே முன்னேறட்டும். நம் விஷயம் கார்.

காருக்கு டர்போ வந்தது 1962-இல், அமெரிக்காவில், ஒரே வருஷத்தில் இரண்டு கார்களில். ஷெவர்லே கம்பெனியார் தங்கள் கோர்வேர் காரில் சிலிண்டரின் அழுத்த விகிதத்தைக் குறைத்து டர்போவை மாட்டினார்கள். ஓல்ட்ஸ்மொபில் கம்பெனியார் ஜெட்ஃபயர் என்ற தங்கள் காரில், அழுத்த விகிதத்தை 10.25 என்ற உயர்ந்த அளவிலேயே வைத்துக்கொண்டு டர்போவையும் சேர்த்தார்கள். இங்கேதான் டர்போவின் உண்மையான சத்துரு யார் என்பது முதன்முதலாக வெளிப்பட்டது. காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்று ஏற்கெனவே அழுத்தம் மிகுந்த சிலிண்டருக்குள் புகுந்தால், தீப்பொறி முறையாக மூட்டிய சுடர் பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடித்து, பிஸ்டனைச் சுத்தியல் கொண்டு அடிப்பதைப் போன்ற ஓசை எழும். நம் மெக்கானிக்குகள் ‘இன்ஜின் தட்டுகிறது’ என்று சொல்வது இதைத்தான். ஓல்ட்ஸ்மொபில் நிபுணர்கள் இதைத் தடுக்க, காய்ச்சி வடித்த நீரையும் மெதனாலையும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே தெளித்துக் காற்றைக் குளிர்விக்கும் உபாயத்தைச் செய்தார்கள். உபாயம் அறிவுள்ளதுதான், ஆனால் அந்தத் திரவத்தை வேளைக்கு வேளை ஊற்றிவர வேண்டிய சொந்தக்காரர்கள் ஊற்ற மறந்தார்கள். திரவம் தீர்ந்தால் டர்போவின் அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு காரில் இருந்தபடியால், வாங்கியவர்கள் கண்ட பலன் வேகமில்லாத கார் ஒன்றுதான். இரண்டே வருஷத்தில் அந்தக் கார் நின்றது. பலருடைய கார்களிலிருந்து டர்போவைக் கம்பெனியே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது.

அதற்குப் பிறகு பத்து வருஷ காலம் டர்போ கார் என்பது பெரும்பாலும் பந்தயக்காரர்களின் சமாசாரமாக இருந்தது. 1973-இல் பி.எம்.டபிள்யூ. தன் ‘2002 டர்போ’வை வெளியிட்ட சமயத்தில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்து பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும் நிலைமை ஏற்பட, 1,672 கார்களோடு அந்தப் பிரயத்தனமும் முடிந்தது.

நிலைமையை மாற்றியது ஸ்வீடன் தேசத்தின் ஸாப் என்னும் சிறு கம்பெனி. அவர்களிடம் இருந்தது இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் யந்திரம் ஒன்றுதான். ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் யந்திரங்களைப் புதிதாக வடிக்கும் முதலீடு அவர்களுக்கு எட்டாதது. பேர் யில்பிராண்ட் என்ற பொறியியலாளர் அங்கே டர்போவைக் கையில் எடுத்தபோது, முன்னோர் செய்ததற்கு நேர்மாறான ஒரு தீர்மானம் செய்தார். உச்ச வேகத்தில் கிடைக்கும் பெருஞ்சக்தியை விட்டுவிட்டு, ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் சாதாரண மனிதன் ஓட்டும் மத்திம வேகத்திலேயே அழுத்தம் எழும்பும்படி டர்போவைச் சிறியதாகத் தேர்ந்தார், அழுத்தம் 0.7 பார் என்ற எல்லையைத் தொட்டதும் மிச்ச வாயுவை டர்போவுக்கு வெளியே திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவை அதற்குக் காவலாக வைத்தார். 1977-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஸாப் 99 டர்போ 145 குதிரைச் சக்தி கொண்டது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வகையான கார் அது. தினமும் ஆபீசுக்குப் போய்வரக்கூடிய டர்போ கார் என்றால் எப்படியிருக்கும் என்பதை உலகம் அதில்தான் கண்டது. யில்பிராண்ட் செய்த அந்த ஒரு தீர்மானத்தைவிடப் பெரிய காரியம் இந்தச் சாதனத்தின் சரித்திரத்தில் வேறொன்று நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே 1977-இல் பிரான்ஸின் ரெனோ கம்பெனியார் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார்கள். மூன்று லிட்டர் சாதாரண யந்திரம், அல்லது ஒன்றரை லிட்டர் அழுத்தக்காற்று யந்திரம் என்று அன்றைய விதி இருவழியையும் அனுமதித்திருந்தும், இரண்டாம் வழியில் போகத் துணிந்தவர் அதுவரை இல்லை. ஸில்வர்ஸ்டன் பந்தயத்தில் மஞ்சள் வர்ணம் பூசிய அவர்களுடைய கார் பாதியில் புகையெழுப்பி நின்றது. ஆங்கிலேயர்கள் அதற்கு ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பின்வாங்கவில்லை. ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக இரண்டு சிறிய டர்போக்களை வைத்தபோது அழுத்தம் எழும்புவதிலுள்ள தாமதம் குறைந்தது. 1979 ஜூலை 1-ஆம் தேதி தீஷோன் நகரத்துப் பந்தயத்தில் ழான்-பியேர் ழபூய் அந்தக் காரில் முதலாவதாக வந்து, டர்போ காருக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றியைத் தேடிக்கொடுத்தார்.

பந்தயத்தில் கிடைத்த கீர்த்தியை ரெனோ தன் மிகச் சிறிய காருக்கு இறக்கியது. 1972-இல் பிறந்த ரெனோ 5, குடும்பங்கள் காய்கறி வாங்கப் போகும் எளிய ஹேட்ச்பேக். 1980-இல் அதன் பின் ஆசனத்தை எடுத்துவிட்டு அங்கே யந்திரத்தை வைத்து, 160 குதிரைச் சக்தியுள்ள ‘ரெனோ 5 டர்போ’வைச் செய்தார்கள், அடுத்த வருஷமே மான்டி கார்லோ ராலியை ழான் ரான்யோட்டி அதில் ஜயித்தார். அது சாமானியர்கள் விலை கேட்கும் வண்டியன்று. சாமானியனுக்காக வந்தது 1985-ஆம் ஆண்டின் ‘ரெனோ 5 ஜி.டி. டர்போ’. அதன் 1,397 சி.சி. யந்திரம், 1962 முதல் ரெனோ வார்த்துவந்த பழைய வார்ப்பிரும்பு யந்திரத்தின் வம்சம். எரிபொருள் தெளிக்கும் நவீன ஏற்பாடு ஒன்றும் இல்லாமல் ஒற்றைக் கார்புரேட்டரோடு ஓடுவது. அந்தக் கிழ யந்திரத்தில் கேரட் கம்பெனியின் டி2 என்ற சிறு டர்போவை மாட்டி, 115 குதிரைச் சக்தியை வாங்கினார்கள். காரின் எடையோ சுமார் 850 கிலோ. எடைக்கும் சக்திக்கும் உள்ள இந்த விகிதாசாரம்தான் இளைஞர்களை மயக்கியது.

ஆனால் அந்தப் பழைய யந்திரத்தில் காற்று நுழையும் வாய்களும் புகை வெளியேறும் வாய்களும் ஒரே பக்கத்தில் அமைந்திருந்தன. ஆகவே காய்ந்த டர்போவும் பெட்ரோல் நிரம்பிய கார்புரேட்டரும் அண்டை வீட்டுக்காரர்களாக வாழ வேண்டியதாயிற்று. வேகமாக ஓட்டிவந்து நிறுத்திய காரைக் கால் மணி கழித்துக் கிளப்பினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். கார் கிளம்ப மறுக்கும். நிறுத்தியபின்னும் கார்புரேட்டரின் மேல் காற்றுவீசும் ஒரு சிறு மின்விசிறியைக் கம்பெனியே வைத்தும் தொந்தரவு முற்றிலும் தீரவில்லை. பிந்திய மாடலில் டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றித் தண்ணீர் ஓட விட்டார்கள். சக்தியும் 120 ஆயிற்று.

1990-களின் ஆரம்பத்தில் பிரிட்டனில் ஒரு சம்பவத் தொடர் நிகழ்ந்தது. இவ்வகை வேகக் கார்களைத் திருடிக்கொண்டுபோய் இரவில் ஓட்டி உடைப்பது ஒரு தொத்துநோயாகப் பரவி, இன்ஷூரன்ஸ் கட்டணம் தாறுமாறாக ஏறிற்று. புதிதாக வாங்குவோர் குறைந்தார்கள். பழைய கார்களின் விலை சரிந்தது. ரெனோவும், ஃபியட் ஊனோ டர்போவும், ஃபோர்டு ஃபியஸ்டா ஆர்.எஸ். டர்போவும் இப்படியாகக் கைமாறிக் கைமாறி, கார் கனவு பெரிதும் பணப்பை சிறிதுமான இளந்தொழிலாளிகளிடம் வந்து சேர்ந்தன. 1993-இல் தொடங்கிய ‘மேக்ஸ் பவர்’ போன்ற பத்திரிகைகள் அவர்களுடைய ஆசைக்குத் தூபம் போட்டன. மலிவு விலையில் டர்போவைப் பெரிதாக்கும் பட்டறைத் தொழில் செழித்து வளர்ந்த காலம் இதுவே.

முதற்படி ஏறக்குறையச் செலவே இல்லாதது. வேஸ்ட்கேட் கதவைத் திறக்கும் சிறு குடுவைக்கு டர்போவிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் போகிறது, அக்குழாயின் நடுவில் ஒரு திருகை வைத்துக் கொஞ்சம் காற்றைக் கசியவிட்டால், கதவு ஏமாந்து தாமதமாகத் திறக்கும், அழுத்தம் கூடும். மீன் தொட்டிக்குக் காற்று செலுத்தும் குழாயில் உபயோகமாகும் சில்லறை விலைத் திருகே இதற்குப் போதுமானதாக இருந்தது. அரைத் திருப்பு திருப்பினால் கார் துள்ளிப் பாய்வதை உணரலாம். இதில் மயங்கி இன்னும் அரைத் திருப்பு திருப்பியவர்கள் பிஸ்டனைப் பலி கொடுத்தார்கள். காரணம், திருகு காற்றைத்தான் கூட்டியதே தவிர பெட்ரோலைக் கூட்டவில்லை. கார்புரேட்டரின் துளை பழைய அளவிலேயே இருக்க, கலவை வறண்டு, உஷ்ணம் ஏறி, அலுமினியப் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். அனுபவமுள்ள பட்டறைக்காரர் திருகைத் தொடுமுன் ‘ஜெட்’ என்ற அந்தத் துளையைப் பெரிதாக மாற்றுவார். தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார். பழுப்பாக இருந்தால் நலம். வெளுத்திருந்தால் அந்த வண்டி அன்று மேற்கொண்டு ஓடாது.

அடுத்த படியில்தான் டர்போவே மாறும். பிற கார்களின் சவங்கள் கிடக்கும் பழைய இரும்புக் கிடங்குதான் இதற்குச் சந்தை. ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்.எஸ். டர்போவில் இருந்தது டி2-ஐவிடப் பெரிதான டி3. அதே குடும்பத்து யந்திரத்தோடு 1990-இல் வந்த ஃபியஸ்டாவில் இருந்தது டி2. ஆகையால் உடைந்த எஸ்கார்ட்டிலிருந்து டி3-ஐ எடுத்து ஃபியஸ்டாவில் மாட்டுவது ஒரு வழக்கமாகவே ஏற்பட்டுவிட்டது. கிடங்கில் டர்போ வாங்குபவர் செய்யும் பரீட்சை பார்க்கத்தக்கது. முதலில் காற்றுச் சக்கரத்தை விரலால் சுழற்றுவார். தடையின்றிச் சுழல வேண்டும். பின்பு தண்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைப்பார். எண்ணெய் வற்றிய நிலையில் அது சிறிது அசைவது சகஜம். ஏனெனில் நிமிஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுச் சுழலும் அந்தத் தண்டு, வெண்கலப் புஷ்களுக்குள் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதப்பது. ஆனால் முன்னும் பின்னுமாக இழுத்துப் பார்க்கையில் அசைவு கையில் தட்டுப்பட்டால் வாங்கலாகாது. சக்கரத்தின் இதழ் நுனி கூட்டின் உட்சுவரை உரசிய பளபளப்பு எங்காவது தெரிகிறதா என்று விளக்குப் பிடித்துக் கடைசியாகப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்.

கிடங்கு டர்போ பொருந்தாத கார்களுக்குக் கலப்பு டர்போ என்ற இன்னொரு வழி உண்டு. காரின் சொந்த டர்போவையே கழற்றி, அதன் கூட்டை உட்புறம் கடைந்து அகலமாக்கி, சற்றுப் பெரிய சக்கரத்தை அதற்குள் அடக்கிவிடுவார்கள். வெளித்தோற்றத்தில் பழையதேதான், குழாய்களும் வளைவுகளும் துளைகளும் இருந்தபடியே பொருந்துவதால், புதிதாக வெல்டிங் செய்யும் செலவு முழுவதும் மிச்சம். ரெனோ 5 சொந்தக்காரர்களில் பலர் போன வழி இது. லேத்தில் நிற்பவனுடைய கைத்திறமைக்கு இதைவிடக் கௌரவமான வேலையை நான் அறியேன். இதழ் நுனிக்கும் கூட்டுக்கும் நடுவே சில தலைமயிர்களின் கனத்துக்கு மேல் இடைவெளி விட்டால் அழுத்தம் நழுவிவிடும், அதற்கும் குறைத்தால் உரசி நொறுங்கிவிடும்.

பெரியதாக எதை மாட்டினாலும் பாழாய்ப்போக இடங்கள் சில உண்டு. டர்போவுக்குள் எண்ணெய் மேலிருந்து அழுத்தத்தோடு வரும். கீழே இறங்குவதோ தன் கனத்தால் மட்டுமே. இறங்கும் குழாயைச் சிக்கனம் கருதிச் சிறிதாக வைத்தாலும், வளைத்து மேடாக்கினாலும், எண்ணெய் தேங்கிப் புகைப் பக்கத்துக்குக் கசிந்து, பின்னால் வருகிறவர்கள் நீலப் புகையில் மூழ்குவார்கள். டர்போ கெட்டுவிட்டது என்று எண்ணி மறுபடி ஒரு டர்போ வாங்கியவர்கள் எத்தனையோ பேர். கெட்டிருந்தது அரையடிக் குழாய்தான். ஓடி வந்த காரை உடனே அணைப்பதும் அத்தகையதே: எண்ணெய் ஓட்டம் நின்று, புஷ்களில் தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகிவிடும். ஒரு நிமிஷம் யந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு அணைக்கும் வழக்கம் நம் ஊர் டீசல் வண்டி ஓட்டுநர்களிடம் இன்றும் இருப்பதற்கு இதுவே மூலம்.

பணம் கொஞ்சமாக இருப்பவன் எதற்கு முதலில் செலவழிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் பட்டறைகள் கண்ட விடையை நான் பூரணமாக ஒப்புக்கொள்கிறேன். டர்போவுக்கு ஒரு பங்கு போனால், அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், கூடுதல் பெட்ரோலுக்கும், நல்ல ஹெட் கேஸ்கட்டுக்கும், கிளட்சுக்கும், பிரேக்குக்கும் சேர்த்து இரண்டு மூன்று பங்கு போயாக வேண்டும். கிடைத்த டர்போக்களில் பெரியதாகப் பார்த்து எடுத்தவர்கள் ஏமாந்தார்கள். சிறு யந்திரம் வெளியிடும் வாயு சொற்பம். கன்றுக்குட்டியைக் கவலை ஏற்றத்தில் பூட்டினால் கிணற்றுச் சால் எப்படி மேலே வரும்? நான்காயிரம் சுற்றுவரை உயிரில்லாமல் கிடந்து, பிறகு ஒரே அடியாகப் பாய்ந்து, முன்சக்கரங்களைப் புகையவைத்து, ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும் கார்களை அவர்கள் உண்டாக்கினார்கள். ஓர் அளவு மட்டும் பெரிதாகத் தேர்ந்து, அழுத்தத்தை அடக்கி வைத்து, மிச்சப் பணத்தைக் குளிர்ச்சிக்குச் செலவிட்டவர்களுடைய கார்கள் பல வருஷம் ஓடின. சக்தியின் அளவைப் பேசிப் பெருமைப்பட்ட பத்திரிகைகள் இவர்களைப் பற்றி அதிகம் எழுதாதது எனக்கு வருத்தமே.

ஜப்பானில் கம்பெனிகளே இன்னும் சிறிய கார்களில் டர்போவை மாட்டின. 1987-இல் வந்த ஸுஸுகி ஆல்ட்டோ வொர்க்ஸ் 543 சி.சி. யந்திரத்திலிருந்து 64 குதிரைச் சக்தி எடுத்தது. அவ்வகைக் குட்டிக் கார்களுக்கு 64-க்கு மேல் போவதில்லை என்று கம்பெனிகளெல்லாம் தமக்குள் ஓர் எல்லை வகுத்துக்கொண்டன. அந்தக் குட்டி வகையில் சேராத, அதே வருஷத்து டைஹாட்ஸு ஷரேட், 993 சி.சி.யில் 101 குதிரைச் சக்தி கொண்டது.

பிற்காலத்தில் இந்தத் தொழிலின் தன்மை மாறிற்று. கார்புரேட்டர் மறைந்து கம்ப்யூட்டர் வந்தபின், அழுத்தம் விதித்த அளவைத் தாண்டினால் அது பெட்ரோலை நிறுத்திக் காரை முடக்குகிறது. மீன் தொட்டித் திருகுக்கு அங்கே வேலையில்லை. நம் தேசத்தில் 2007 முதல் மாருதி ஸ்விஃப்ட்டில் வந்த, ஃபியட் வகுத்த 1,248 சி.சி. டீசல் யந்திரமே இதற்கு நல்ல உதாரணம். அதே யந்திரம் ஸ்விஃப்ட்டில் 75 குதிரைச் சக்தியும், எஸ்.எக்ஸ்.4 காரில் 90 குதிரைச் சக்தியும் தந்தது. முக்கியமான பேதம் டர்போவில்தான். பின்னதன் டர்போவில் வாயு நுழையுமிடத்து இதழ்கள் வேகத்துக்கேற்பத் திறந்து மூடும். அந்த டர்போவைப் பழைய கிடங்கிலிருந்து கொண்டுவந்து ஸ்விஃப்ட்டில் நட்டு போட்டு இறுக்கிவிடலாம் என்று நினைப்பவருக்கு, இதழ்களை எப்போது திறப்பது எப்போது மூடுவது என்று சொல்லும் கட்டளை கம்ப்யூட்டரில் இல்லாமல் அது வெறும் இரும்புதான் என்பது பிறகே தெரியவரும். ஆகவே இன்று சிக்கனக்காரனின் முதற்செலவு, கட்டளைகளைத் திருத்தி எழுதுபவனுக்குப் போகிறது, டர்போ இரண்டாவதாகிவிட்டது. அத்துடன், தயாரித்த கம்பெனி குறித்த மூல அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஒட்டி உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருப்பதால், இத்தகைய மாற்றங்கள் நம் நாட்டுச் சாலைகளில் சட்டத்துக்குப் புறம்பானவையாகவே நிற்கின்றன.

ரெனோ கம்பெனியோ, சென்னைக்கு அருகே ஒரகடத்துத் தொழிற்சாலையில் 2021 முதல் கைகர் என்ற காரைச் செய்துவருகிறது. அதன் டர்போ வகையில் 999 சி.சி.யில் மூன்று சிலிண்டர்கள், 100 குதிரைச் சக்தி. டர்போ சிறியது, அழுத்தம் எழும்புவது மத்திம வேகத்திலேயே. கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களும் டர்போ என்ற நினைவே இல்லாமல் அதை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.